சக்கரத்தில் வரைந்த நெருப்பு

கோபம் வந்தால் மட்டும் என்னைக் கலைவாணி என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடும் என் அருமை மாமாவுக்கு,

தருமபுரி நாலு ரோட்டில் உங்களுக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்க்கிற அளவுக்குப் பெரிசு. நீங்கள் ஜென்மத்தில் போடாத சிவப்பு ரேஸ் உடுப்பு, கறுப்புக் கண்ணாடி, கட்டிய கை. உங்கள் காலடியில் நம் வெள்ளைக் கார். அதன் நாலு சக்கரத்திலும் நெருப்பு எரிகிறது. மேலே 'வேக வேந்தனுக்கு வீரவணக்கம்' என்று எழுதியிருக்கிறது. பார்த்த உடனே எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

சக்கரத்தில் நெருப்பு, மாமா! அந்தச் சக்கரத்தில் சூடு ஏறிவிடக்கூடாது என்று நீங்கள் பட்ட பாட்டில் பாதியைப் பிள்ளை வளர்ப்பதில் பட்டிருந்தால் நம் மகள் யாழினி இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பாள். கேட்டால் சிரிப்பீர்கள். இந்தப் படத்தைப் பார்த்தால் சிரித்திருப்பீர்களா, காறித் துப்பியிருப்பீர்களா?

இந்தக் கடிதத்தை உங்களைத் தெரியாதவர்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் வேக வேந்தன் இல்லை. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்த மனுஷன். வருஷத்தில் மூன்று நான்கு தடவை, நாம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற அதே காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் ரேஸ் டிராக்குக்குப் போவீர்கள். பந்தயம் கிடையாது, கோப்பை கிடையாது. ஆசைக்கு ஓட்டிவிட்டு, திரும்பி வரும்போது அவிநாசியில் டீ குடித்துவிட்டு வருவோம். அந்தக் காரின் டிக்கியில் எப்போதும் தக்காளி வாடை அடிக்கும்.

நீங்கள் செத்ததும் டிராக்கில் இல்லை. சலூன் நாற்காலியில். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, இன்னொரு கன்னத்தில் சோப்பு நுரை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். பாதி முகத்தோடுதான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஃபிளெக்ஸில் 'களத்திலேயே உயிர் நீத்த மாவீரன்' என்று போட்டிருக்கிறது. உங்கள் சாவைக்கூட இவர்கள் விட்டுவைக்கவில்லை.

இதெல்லாம் யார் வேலை என்று நான் சொல்ல வேண்டுமா? உங்கள் தம்பி சிவாதான். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. அது உங்கள் படத்தைவிடப் பெரிசு. வார்டு தேர்தலில் நிற்கப்போகிறாராம். அதற்கு ஓர் அண்ணன் தேவைப்படுகிறார், அதுவும் செத்துப்போன அண்ணன்.

தலை திவசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெயரில் 'நினைவு ஓட்டம்' வைத்தார். மூடிப்போன கல் உடைக்கிற கிரஷர் நிலத்தை வாங்கி பெங்களூர்க்காரர் ஒருவர் சின்னதாக ஒரு டிராக் போட்டிருக்கிறார், நீங்கள் பார்த்ததில்லை. அதை ஒரு நாள் முழுக்க வாடகைக்கு எடுத்து, ஷாமியானா போட்டு, மைக் கட்டி, பிரியாணிக்கு அண்டா ஏற்றி எல்லாம் தடபுடல். முதலில் சிவா நம் காரை ஓட்டுவார், பிறகு யாழினி 'அஞ்சலிச் சுற்று' ஓட்டுவாள் என்று நோட்டீஸே அடித்துவிட்டார்கள். காரை விளக்கேற்றிக் கும்பிட வேண்டும் என்று ஒரு மாதம் முன்னாலேயே அவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். யாழினிதான் விடவில்லை. சேலத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், லீவுக்கு வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். "அப்பா வண்டிய ஒரே ஒரு தடவ டிராக்ல ஓட்டறம்மா. அவரு சீட்டுல உக்காரணும்" என்று கெஞ்சினாள். அதற்குமேல் நான் என்ன சொல்வது? சிவாவிடம் மட்டும் கேட்டேன். "பிரேக் ஆயில் மாத்துனீங்களா? ஒரு வருஷமா அப்படியே கெடக்குதுங்களே?"

"அண்ணி, வண்டியக் கழுவி, பாலிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி வெச்சிருக்கறன். வந்து பாருங்க, அசந்துடுவீங்க" என்றார்.

பாலிஷ்! மாமா, இதைக் கேட்டிருந்தால் நீங்கள் அன்றைக்கே காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். டிராக்குக்குப் போகும் முன்னால் பிரேக் ஆயிலை மாற்றாமல் நீங்கள் வாசலைத் தாண்டியதில்லை. பழைய ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும், சூடேறினால் அந்த ஈரம் கொதித்துக் குமிழி கட்டும், அப்புறம் பெடலை மிதித்தால் பிரேக்கை மிதிக்கவில்லை, வெறும் ஆவியைத்தான் மிதிக்கிறோம் என்பீர்கள். சாப்பிடும்போதெல்லாம் இதைச் சொல்வீர்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டே உம் கொட்டுவேன்.

நீங்கள் ஓட்டுகிற விதமே தனி. முதல் சுற்று பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி மெல்லப் போவீர்கள். எல்லாம் பதமாகச் சூடேறட்டும் என்பீர்கள். அதற்கப்புறம்தான் வேகம். வளைவு வருவதற்கு முன்னால் நேர்ப் பாதையிலேயே ஒரே அழுத்தாக அழுத்தி, சட்டென்று காலை எடுத்துவிடுவீர்கள். பெடல் மேலேயே காலை வைத்துத் தேய்த்துக்கொண்டு போகிறவனுக்குத்தான் பிரேக் வெந்துபோகும் என்பது உங்கள் கட்சி. பக்கத்து சீட்டில் ஆளை ஏற்ற விட்ட நாட்களில் நான் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு மூன்று சுற்றுப் போனதும் கேட்பீர்கள்.

"கலா, மூக்கு என்ன சொல்லுது?"

"கருகற வாசம் வருதுங்க மாமா."

"அப்பப் போதும். ஆத்திடலாம்."

அவ்வளவுதான். பெரிய கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் ஒரு முழுச் சுற்று. சக்கரத்துக்குக் காற்று வாங்குகிற சுற்று. பின்னால் வருகிறவர்கள் எரிச்சலில் விளக்கை விளக்கைப் போடுவார்கள். நீங்கள் கையை வெளியே நீட்டிப் போகச் சொல்வீர்கள். நிறுத்தும் இடத்துக்கு வந்தாலும் ஹேண்ட் பிரேக் போட மாட்டீர்கள். கியரில் விட்டு, டயருக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுத்தான் இறங்குவீர்கள். தண்ணீர் பாட்டிலோடு யாராவது சக்கரத்துப் பக்கம் வந்தால், சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடும் என்று விரட்டுவீர்கள். கொஞ்ச நேரம் கழித்து நாம் இரண்டு பேரும் காரை அரை அடி தள்ளி வைப்போம், சூட்டில் பிரேக் பேட் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று. எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று உளுந்து வடையைப் பிட்டு எனக்குக் கொடுப்பீர்கள்.

அந்தக் காரை அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் தெரியுமா? ஆயுத பூசைக்கு லாரியை ஜோடிப்பார்களே, அப்படி. பானெட்டில் சம்பங்கி மாலை, இரண்டு பக்கமும் மாவிலைத் தோரணம். முன்பக்கம் முழுக்க, பம்பரிலிருந்து பானெட் விளிம்பு வரைக்கும், உங்கள் முகம். ஃபிளெக்ஸில் அடித்து, நாலு மூலையிலும் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று உள்ளே போகிற அத்தனை இடுக்கையும் உங்கள் முகத்தைக் கொண்டே அடைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து நான் வாயைத் திறப்பதற்குள் என்னை நகர்த்திவிட்டார்கள்.

சுமங்கலிகள் ஆரத்தி எடுக்கப்போகிற இடமாம், நான் முன்னால் நிற்கக்கூடாதாம். சிவாவே வந்து சொன்னார். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல காரியம் நடக்கற எடம். நீங்க பின்னால சேர் போட்டு உக்காருங்க." புருஷனுடைய நினைவு நாள், பெண்டாட்டிக்கு ஷாமியானாவுக்குப் பின்னால், பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் இடம். யாழினியின் முகம் மாறிவிட்டது. அந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று நான்தான் அவள் கையை அமுக்கினேன். சீ, என்ன மனுஷர்கள்.

அங்கிருந்து எனக்கு டிராக் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான். சிவா எடுத்த எடுப்பிலேயே மிதித்தார், காது சொன்னது. வளைவுக்கு வளைவு டயர் கிறீச்சிட்டது. கொடி காட்டுகிறவர் ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், "நிதானா சார், நிதானா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கேட்டால்தானே? சுற்றுக்குச் சுற்று ஜனங்கள் விசில் அடித்தார்கள். அண்டாவில் தாளிப்பு வாசம் தூக்கிக்கொண்டிருந்தது. அதையும் மீறி என் மூக்குக்கு அது வந்தது, மாமா. முதலில் கருகல். அப்புறம் கருகலைத் தாண்டிய ஒரு காட்டம், தொப்பூர் இறக்கத்தில் லோடு லாரிக்குப் பின்னால் போகும்போது ஜன்னலை ஏற்றச் சொல்வீர்களே, அந்தப் பிரேக் வெந்த நெடி. நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்காமலேயே என் வாய் 'ஆத்திடலாங்க மாமா' என்று சொல்லிவிட்டது. சமையல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

யார் ஆற்றுகிறார்கள்? அதே வேகத்தில் வந்து, மேடைக்கு முன்னால் அழுத்தி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் படபடவென்று இழுத்து, போட்டோக்காரர்களுக்காகப் பெடலிலிருந்து காலை எடுக்காமல் கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். யாழினி பிறகு சொன்னாள். முன் சக்கரம் இரண்டிலிருந்தும் புகை வந்ததாம். அதற்குக் கைதட்டல்! புகை வந்தால்தான் கெத்தாம். மைக்கில் ஒருவன், "பாருங்க, பாருங்க, அண்ணனோட ஆவியே வந்துட்டுது!" என்று கத்தினான். அது மட்டும் எனக்கே கேட்டது. அந்த வாயில் கொள்ளிக்கட்டையை வைத்தால் என்ன என்று தோன்றியது.

ஆரத்தி அதற்கப்புறம்தான். நம் பக்கத்தில் சுற்றிய ஆரத்தியைத் தெருவில் கொட்டுவார்கள். இவர்களுக்கு அது போதவில்லை. ஜெயித்து வந்த சக்கரத்துக்கே திருஷ்டி கழிய வேண்டும் என்று மஞ்சள் நீரைக் கொண்டுபோய் முன் சக்கரத்தில் ஊற்றினார்கள். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சுர்ரென்று ஒரு சத்தம், கூடவே டிக்கென்று இன்னொன்று. நான் சேரைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மைக்கில் யாழினியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஷாமியானாவைச் சுற்றி நான் ஓடி வருவதற்குள் அவள் உங்கள் சீட்டில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் நேராகப் போய்க் காருக்கு முன்னால் நின்றேன். கூட்டத்தில் ஒரு பெண் குரல், "ஐயோ, குறுக்க வந்து நிக்கறாளே!" என்றது. ஆமாம், நின்றேன். அபசகுனமாகவே நின்றேன்.

"யாழி, பிரேக்க மிதி" என்றேன்.

மிதித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் பெரிசானது. "அம்மா, அடி வரைக்கும் போவுதும்மா. ஒண்ணுமே இல்ல."

சிவா ஓடி வந்தார். "எனக்கு நல்லாத்தான புடிச்சுதுங்க அண்ணி? இப்பத்தான் நிறுத்தினன்!"

"ஓடறப்பப் புடிக்குங்க. நின்னப்புறந்தான் கொதிக்கும்."

அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கிறதே, அதுதான், மாமா. ஓடும்போது காற்று கொஞ்சமாவது சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆற்றாமல் நிறுத்தினால் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க்கில் இருக்கும் சூடு அத்தனையும் மெல்ல ஆயிலுக்குத்தான் இறங்கும். இது ஒரு வருஷத்து ஈரம் குடித்த ஆயில் வேறு. நான் வந்து நிற்கவில்லை என்றால் முதல் வளைவில் நம் பெண் எதை மிதித்திருப்பாள்? அந்த வளைவுக்கு வெளியே கிரஷர்க்காரன் விட்டுப்போன பள்ளம்தான் இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். பெடலில் ஒன்றுமில்லை என்று அந்தப் பிள்ளை சொன்ன பிறகு, தன் அண்ணன் மகள் சொன்ன பிறகு, அந்த மனுஷர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். வீடியோக்காரனைப் பார்த்தார். குரலை இறக்கி என்னிடம் சொன்னார்.

"கொஞ்ச நேரம் ஆறட்டும் அண்ணி. தண்ணி ஊத்தறம். மெதுவா ஒரே ஒரு சுத்து, வீடியோவுக்கு. அண்ணன் மொகம் முன்னால இருக்கறப்ப என்ன ஆயிடப் போவுது?"

எனக்கு அருவருப்பு என்றால் என்னவென்று அந்த நிமிஷம்தான் முழுசாகத் தெரிந்தது, மாமா. அழுகின தக்காளிப் பெட்டிக்குள் தெரியாமல் கையை விட்டால் வருமே, அது உடம்பு முழுக்க வந்தது.

"அந்த மொகந்தாங்க வண்டிக்கு மூச்ச அடைக்குது" என்றேன். குனிந்து, கம்பி கட்டிய மூலையைப் பிடித்து இழுத்தேன். ஃபிளெக்ஸ் குறுக்கே கிழிந்தது. உங்கள் முகத்தில் பாதி என் கையோடு வந்தது, பாதி காரிலேயே தொங்கியது. ஒரு கன்னம், ஒரு கண். சலூனிலிருந்து வந்த அன்றைக்கும் அப்படித்தான் வந்தீர்கள். தாலி கட்டினவன் முகத்தைக் கிழித்தவள் என்று இனி என் காலம் முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். மிச்சத்தையும் கிழித்தேன்.

யாழினி என்ஜினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரில் போட்டாள். பிறகு இறங்கி வந்து, டிராக் ஓரம் கிடந்த கல் ஒன்றை எடுத்து டயருக்கு முட்டுக்கொடுத்தாள். யாரும் சொல்லவில்லை. "சித்தப்பா, சாவியக் குடுக்க மாட்டன்" என்றாள், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்தீர்களா?

சிவா மைக்கில் சின்னத் தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்துவிட்டு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார். எல்லாரும் போய்ச் சாப்பிட்டார்கள், மாமா. உங்கள் மண்டியில் தக்காளி எடை போட்டவர்கள், உங்களைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு நடந்தவர்கள், எல்லாரும்தான். இலையில் லெக் பீஸ் வரவில்லை என்று ஒருவர் சண்டை போட்டார். சாயங்காலமே அந்தப் புகையை வெட்டி ஒட்டி, இசை போட்டு, ரீல்ஸ் வந்துவிட்டது. அதில் நான் ஓடி வருவது இல்லை. பெடல் இல்லை. உங்கள் கார் புகைகிறது, சிவா கும்பிடுகிறார். கீழே ஆயிரம் பேர் நெருப்புப் படம் போட்டிருக்கிறார்கள்.

காரை வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். வலது பக்க டிஸ்க்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும் ஓடியிருந்தது. மஞ்சள் கறை அதன் மேலேயே காய்ந்திருந்தது. யாழினி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் எழுந்து வரவில்லை.

இப்போது இரண்டு டிஸ்க்கும் புதிசு, பேட் புதிசு, ஆயில் புதிசு. டிக்கியில் தக்காளி வாடை மட்டும் பழசு, அதை நான் கழுவ விடவில்லை. அடுத்த மாதம் கோயம்புத்தூருக்குப் போகலாமா என்று யாழினி கேட்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவள் கையில் சாவியைக் கொடுப்பதா, ஒளித்து வைப்பதா? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? நேற்று நான் ரசம் ஊற்றும்போது அவளாகவே ஆரம்பித்தாள். "ஏம்மா, கருகற வாசம் வந்த ஒடனே ஆத்தணுமா, இன்னொரு சுத்து போலாமா?"

"ஒடனே" என்றேன். அப்படியென்றால் போகிறோம் என்றுதானே அர்த்தம்? அவள் சிரித்துவிட்டாள். நீங்கள் போன பிறகு நம் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

நாலு ரோட்டு ஃபிளெக்ஸ் இன்னும் நிற்கிறது. சிவாவிடம் எடுக்கச் சொன்னேன், தேர்தல் முடியட்டும் என்கிறார். முடிகிற வரைக்கும் நான் காத்திருக்கப்போவதில்லை. நாளைக்குக் காலையில் பூக்கடைகள் திறக்கும்போது, நாலு பேர் பார்க்க, நானும் யாழினியும் ஏணியோடு போகிறோம். யார் வந்து கத்தினாலும் இறக்குவோம். இந்தத் தடவை உங்கள் முகத்தைக் கிழிக்க மாட்டேன், மாமா. கயிற்றை மட்டும் அறுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்து, தையல் கத்தரியை எடுத்து, அந்த நாலு சக்கரத்து நெருப்பையும் வெட்டி எறிந்துவிடுவேன். உங்களை மட்டும் மடித்து வைத்துக்கொள்வேன்.

அப்புறம் கோயம்புத்தூர். அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் மூக்கோடு உட்கார்ந்திருப்பேன். கடைசிச் சுற்றை மெல்லத்தான் வருவோம். பின்னால் எவன் விளக்குப் போட்டாலும் கையை வெளியே நீட்டிப் போகச் சொல்வேன். அந்தச் சுற்றில் அவள் கால் பிரேக் மேல் படாது. அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் அத்தை மகள்,
யாழினியின் அம்மா,
கலா